மூன்று நண்பர்கள், ஓர் எம்எம்ஓ: மாதக் கட்டணமா, இலவசமா?

வில்லாபுரத்தில் இருக்கும் தம்பி கேட்டிருப்பது இது. பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர். இவர் மதுரையில் புதிதாக வேலைக்குப் போகிறார், ஒருவர் சென்னையில், இன்னொருவர் ஷார்ஜாவில். வாரம் இரண்டு நாளாவது மூவரும் சேர்ந்து விளையாட ஓர் ஆன்லைன் ரோல்-பிளேயிங் விளையாட்டு, அதாவது நிறையப் பேர் ஒரே உலகத்துக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்கி விளையாடும் எம்எம்ஓ, வேண்டும். மாதக் கட்டணம் கட்டி விளையாடுவது நல்லதா, இலவசமாகக் கிடைப்பது நல்லதா? தலைக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் முடியாது. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. கடைசியாக ஒரு வரி: "ஆரம்பித்து நாலு மாதத்தில் விட்டுவிட்டால் போட்ட காசு வீண்தானே?"

அந்தக் கடைசி வரியையே உங்கள் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். எது மலிவு என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் தேடினால் போதும். பிரிந்துபோன மூன்று பேர் மறுபடி ஒரே இடத்தில் உட்கார வேண்டும், அது பாதியில் கலைந்துவிடக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஏற்றபடி விளையாட்டைத் தேடினால் விடை வேறு மாதிரி வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. காளவாசல் பக்கம் பல வருஷம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன், இப்போது கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீசும். இந்த வகை விளையாட்டுகளை இருபது வருஷத்துக்கும் மேலாக விளையாடுகிறேன். அதில் ஏழு வருஷம் ஒரு கில்டை, அதாவது சேர்ந்து விளையாடும் நிரந்தரக் குழுவை, நடத்தியிருக்கிறேன். ஆக இயந்திரம், இணைப்பு, மனிதர்கள் இந்த மூன்றிலும் கொஞ்சம் அடிபட்டவன். விளையாட்டைத் தயாரிக்கும் பக்கத்தில் நான் இருந்ததில்லை. அதனால் ஒரு நிறுவனம் நாளை என்ன முடிவெடுக்கும் என்பதைப் பற்றி நான் எது சொன்னாலும் ஊகமென்றே கொள்ளுங்கள்.

முதலில் பணக் கணக்கு, ஏனென்றால் அதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. மாதச் சந்தாவுக்குப் பெரிய உதாரணம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004-இல் வந்தது, இன்றும் மாதம் 15 டாலர் அளவில் சந்தா. நம் காசில் 1,300 ரூபாய் சொச்சம். வரியும், வெளிநாட்டுப் பணத்தில் செலவழித்தால் வங்கி பிடிக்கும் கட்டணமும் சேர்ந்தால் 1,500-ஐத் தொடலாம். அந்த வங்கிக் கட்டணம் பெரும்பாலான கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி. வாரம் இரண்டு இரவு, இரவுக்கு இரண்டு மணி நேரம் என்றால் உங்களுக்கு மாதம் 16 மணி நேரம்தான் தேறும். மணிக்கு 94 ரூபாய் ஆகிறது. என் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். மாதம் 50 மணி நேரம் விளையாடுகிறவனுக்கு அதே சந்தா மணிக்கு 30 ரூபாய்தான். சந்தா நிறைய நேரம் வைத்திருப்பவனுக்கு மலிவு, நேரம் குறைந்தவனுக்கு விலை அதிகம். உங்கள் 500 ரூபாய்க்குள் அது அடங்கவும் அடங்காது.

இதில் நான் கண்ணால் பார்த்த இன்னொரு விஷயமும் உண்டு. சந்தா கட்டினவன் மனசு சும்மா இருக்காது. மாசக் கடைசி நெருங்கும்போது "கட்டின காசுக்கு விளையாடணுமே" என்று உட்காருவான். ஆசையாக ஆரம்பித்தது கடமை ஆகிவிடும். மூன்று பேரில் ஒருவருக்கு அந்த மாதம் ஆடிட்டிங், ஒருவர் ஊருக்கு வந்திருக்கிறார் என்றால், மிச்சம் இருக்கும் ஒருவர் தனியாக விளையாடி லெவலில் முன்னே போய்விடுவார். திரும்பி வருகிற இருவரால் அவரோடு சேர்ந்து போக முடியாது. நண்பர் குழுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் உடைகின்றன. சண்டை போட்டு உடைந்ததை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

அதே சமயம் சந்தா விளையாட்டுக்கு ஒரு நேர்மை இருக்கிறது. என்ன செலவாகும் என்று முதல் நாளே தெரியும். "இலவசம்" என்று வருவதில் அது தெரியாது. இலவச விளையாட்டை எடை போட நான் கையாளும் வழி ஒன்று: விளையாட்டைத் தொடங்கும் முன்பு அதற்குள் இருக்கும் கடையைத் திறந்து, என்ன விற்கிறார்கள் என்று பாருங்கள். சட்டை, குதிரை, இறக்கை மாதிரி அலங்காரம் மட்டும் விற்றால் பயமில்லை. பை இடம், கிடங்கு இடம், கூடுதல் கேரக்டர் என்று வசதியை விற்றால், மூன்றாவது மாதம் எப்படியும் ஒருமுறை வாங்குவீர்கள். அதை விலையாகவே கணக்கில் வையுங்கள். வாளின் பலத்தையோ, ஆயுதத்தை மேம்படுத்தும்போது அது உடையாமல் காக்கும் பொருளையோ, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் குலுக்கல் பெட்டியையோ விற்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. குலுக்கல் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-இலேயே முடிவெடுத்தது. ரூபாயை நேராகக் காட்டாமல் வைரம், ஜெம் என்று மாற்றி விற்பதும், 700 தேவைப்படும் பொருளுக்கு 800 கட்டாக வாங்க வைப்பதும் எல்லா வகையிலும் இருக்கிறது. எதை வாங்கினாலும் அன்றைக்கே நோட்டில் ரூபாயாக எழுதி வையுங்கள்.

மூன்றாவது வழி, ஒருமுறை வாங்கினால் போதும் என்ற வகை. கில்டு வார்ஸ் 2 அப்படி. 2012 ஆகஸ்டில் வந்தது, மாதச் சந்தா என்றைக்கும் கிடையாது. 2015-இலிருந்து அடிப்படை விளையாட்டு இலவசம், அதன் மேல் புது ஊர், புதுக் கதை என்று வரும் விரிவாக்கங்களுக்கு மட்டும் விலை. அதன் கடை நான் சொன்ன அலங்காரம், வசதி வகை. விளையாட்டில் சம்பாதித்த தங்கத்தையே கடைப் பணமாக மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அதில் முக்கியமான விஷயம் வேறு. வந்த நாளிலிருந்து இன்றுவரை அதன் உச்ச லெவல் 80-தான், மாற்றவில்லை. பல விளையாட்டுகளில் ஒவ்வொரு விரிவாக்கத்திலும் உச்சத்தை ஏற்றி, பழைய ஆயுதத்தைக் குப்பையாக்கிவிடுவார்கள். இதில் நீங்கள் ஆறு மாதம் காணாமல் போய் வந்தாலும் உங்கள் வாள் வாளாகவே இருக்கும். லெவல் ஏறின ஒருவர் தொடக்க ஊருக்கு இறங்கி வந்தால் அந்த ஊரின் அளவுக்கு அவர் பலம் தானாகக் குறைந்துவிடும். முன்னே போனவர் பின்தங்கினவரோடு நடக்கலாம். மூன்று ஊரில் மூன்று வேலையில் இருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஃபைனல் ஃபேன்டஸி 14 பற்றியும் நிறையப் பேர் உங்களிடம் சொல்வார்கள். சொல்வதில் தப்பில்லை. 2010-இல் வந்து படுதோல்வியடைந்து, 2013-இல் புதிதாகவே கட்டி மறுபடி வெளியிட்ட விளையாட்டு அது. அந்த மனவுறுதிக்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. கதை நன்றாக இருக்கும். முயன்று பார்க்கத் தரும் இலவச முயற்சிக் கணக்கில் லெவல் 70 வரை, இரண்டு விரிவாக்கங்கள் உட்பட, நாள் கணக்கு இல்லாமல் விளையாடலாம். தனியாள் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் இலவசக் கணக்கு வைத்திருப்பவரால் பார்ட்டி, அதாவது சேர்ந்து போகும் சிறு குழு, தொடங்க முடியாது, பிறர் அழைத்தால் சேர மட்டும்தான் முடியும். மூவரும் இலவசம் என்றால் மூவரில் ஒருவராலும் மற்றவரை அழைக்க முடியாது. ஒருவராவது சந்தா கட்ட வேண்டும். ஒருமுறை முழு விளையாட்டை வாங்கிவிட்டால் அந்தக் கணக்கு மீண்டும் இலவச முயற்சிக்குத் திரும்பாது என்பதையும், ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் வாங்கினால் விரிவாக்கங்களையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இடமும் 140 ஜிபி கேட்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் லேப்டாப்புக்கு அது பாரம்.

இனி, மதுரையில் உட்கார்ந்து விளையாடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியதும் எவரும் பார்க்காததுமான ஒன்று: சர்வர் எந்த ஊரில் இருக்கிறது? கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒரு மில்லி நொடி. மதுரையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 3,000 கி.மீ., இயற்கை விதிப்படியே 30 மில்லி நொடிக்குக் கீழே வராது, சென்னை சுற்றி, கடலடிக் கேபிள் ஏறிப் போவதால் நடைமுறையில் 60, 70 வரும். ஐரோப்பா எட்டாயிரம் கி.மீ. பக்கம், நம் வீடுகளில் 150 முதல் 190 வரை பார்க்கிறேன். அமெரிக்கா 250-ஐ எளிதாகத் தாண்டும். இப்படிப் போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் பிங். நூறு எம்பிபிஎஸ் பிளான் போட்டால் இது குறையாது, கேபிள்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை. எம்எம்ஓவுக்கு டேட்டா வேகம் மிகக் கொஞ்சமே போதும். வைஃபையை விட்டுவிட்டு லேன் வயர் குத்தினால் பிங் ஏறி இறங்குவது அடங்கும். அந்த 40 அடி வயர்தான் நீங்கள் செய்யக்கூடிய மிக நல்ல முதலீடு.

பிங் எல்லா விளையாட்டையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று ஒன்று இருக்கிறது. 2001-இல் தொடங்கிய ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவத்தை 2013-இல் தனியாக மறுபடி திறந்தார்கள். அதன் உலகம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் அசையும். நீங்கள் எப்போது சொடுக்கினாலும் அடுத்த அசைவில்தான் கணக்கில் வரும் என்பதால் 180 பிங் பெரிதாக உறைக்காது. எந்தப் பழைய லேப்டாப்பிலும் ஓடும், 2018-இலிருந்து அதே கணக்கை மொபைலிலும் திறக்கலாம். படம் கரடுமுரடாக இருக்கும், பொறுமையும் நிறைய வேண்டும். இலவசமாக ஒரு பகுதி, முழு உலகத்துக்குச் சந்தா. விளையாட்டில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்தே அந்தச் சந்தாவைப் புதுப்பிக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைச் சம்பாதிக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டும் என்பதால் வேலைக்குப் போகிறவருக்கு அது லாபமில்லை. கில்டு வார்ஸ் 2-இல் எதிரி ஓங்கும்போது உருண்டு தப்ப வேண்டும், அங்கே பிங் உறைக்கும். நாம் சேரக்கூடிய அதன் சர்வர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மட்டும்தான். சாதாரணப் பயணத்துக்கு ஐரோப்பிய சர்வர் போதும், பலர் கூடிப் பெரிய எதிரியை வீழ்த்தும் கடினமான ரெய்டுகளில் மட்டும் கையைக் கடிக்கும். ஆல்பியன் ஆன்லைனுக்கு 2023-இலிருந்து ஆசியாவுக்கென்று தனி சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது. 2019-இலிருந்து இலவசம், மொபைலிலும் ஓடும், உங்கள் லேப்டாப்புக்கும் பாரமில்லை. ஆனால் ஆபத்தான பகுதிகளில் செத்தால் கையில் உள்ள சாமான் அத்தனையும் பறிபோய்விடும். சிலருக்கு அந்தப் படபடப்புதான் விளையாட்டே. சிலர் அன்றைக்கே அழித்துவிட்டு, அடுத்து நண்பனின் ஃபோனையும் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் ஷார்ஜா நண்பருக்கு லண்டனும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட ஒரே தூரம், இரண்டும் ஐந்தரை ஆறாயிரம் கி.மீ. ஆகையால் அவருக்காகச் சர்வர் தேட வேண்டாம், மதுரைக்கும் சென்னைக்கும் எது பொருந்துமோ அதைப் பாருங்கள். ஐரோப்பா போகும் கேபிள்கள் பெரும்பாலும் செங்கடல் வழியாகப் போகின்றன. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் அமீரகத்திலும் இணையம் தடுமாறியது நினைவிருக்கும். அப்படி நடந்தால் உங்கள் லேப்டாப்பை நோண்டாதீர்கள், காத்திருங்கள். இன்னொன்று, அமீரகத்தில் இணையவழிக் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. வாட்ஸ்அப் கால் போகாமல் போட்டிம் என்ற செயலியை வைத்துப் பேசுகிற குடும்பங்களுக்கு இது தெரியும். விளையாடும்போது பேசுவதற்காக அவரை, இருக்கும் இடத்தை மறைத்து இணையத்துக்குள் போகும் விபிஎன் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதைத் தவறாகப் பயன்படுத்தினால் அங்கே பெரிய அபராதம். எழுதிப் பேசியே விளையாடும்படி நிதானமான விளையாட்டாக இருப்பது உங்கள் மூவருக்கும் நல்லது. இதனால்தான் வேகமான சண்டை விளையாட்டுகளை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

இப்போது எந்த விளம்பரத்திலும் போடாத விலை. ஐரோப்பிய சர்வரில் ரெய்டுகள் அவர்கள் ஊர் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். அது நமக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் 12.30. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் விடிகாலை ஐந்தரை ஆறரை. சிங்கப்பூரின் இரவு எட்டு மணி நமக்கு மாலை ஐந்தரை, நீங்கள் அலுவலகத்தில் இருப்பீர்கள். மதுரை தூங்கா நகரம்தான், ஆனால் மனித உடம்பு தூங்கியாக வேண்டும். நான் ஓர் ஐரோப்பிய கில்டில் வாரம் மூன்று இரவு, பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை, இரண்டு வருஷம் விளையாடினேன். ஒவ்வொரு மாதக் கார்த்திகைக்கும் விடிகாலையில் அம்மாவைத் திருப்பரங்குன்றத்துக்கு வண்டியில் கூட்டிப்போவது என் வேலையாக இருந்தது. முதலில் ஒரு மாதம் எழுந்திருக்க முடியவில்லை. அடுத்த மாதமும். பிறகு அவர் என்னை எழுப்புவதை நிறுத்திவிட்டு பஸ் ஏறித் தனியாகப் போய்வர ஆரம்பித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டைப்பையில் வைக்கச் சொல்லி விபூதிப் பொட்டலத்தை மட்டும் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். அந்தச் சந்தா எனக்கு எத்தனை ரூபாய் என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷக் கார்த்திகைகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதைச் சொல்வதால் இந்த விளையாட்டுகளே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அதே கில்டில் பழக்கமான சிவகாசி அச்சகக்காரர் ஒருவர், நான் சென்டரை மூடிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, தனக்குத் தெரிந்த ஆறு அச்சகங்களின் கம்ப்யூட்டர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தார். அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. என் வீட்டுப் புதுமனை விழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார். வருஷக்கணக்கில் ஒன்றாக ஒரு காரியம் செய்த மனிதர்களுக்கு நடுவில் வரும் நம்பிக்கை திரையில் வந்தாலும் நம்பிக்கைதான். அதனால்தான் உங்கள் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நேரத்தை நீங்கள் குறித்தால் இது நல்ல பழக்கம். சர்வர் உங்களுக்கு நேரம் குறிக்க விட்டால் விலை ஏறிக்கொண்டே போகும். மூவரும் மட்டும் சேர்ந்து செய்யக்கூடிய காரியங்கள் நிறைய இருக்கும் விளையாட்டாகப் பார்ப்பதும், பெரிய கில்டில் முதல் ஆறு மாதம் சேராமல் இருப்பதும் இதற்காகத்தான்.

எல்லை எங்கே என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவையும் சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவன் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 2022-இலிருந்து விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. எப்போது தொடங்குவது நிறுத்துவது என்ற கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டு முந்துவது, கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. இவை பொதுவாக 12 மாதம் நீடித்து, வாழ்க்கையைப் பாதித்தால்தான் அந்தப் பெயர். ஒரு வார விடுமுறையில் விடிய விடிய விளையாடினவன் நோயாளி அல்ல. உங்கள் மூவரில் ஒருவருக்கு அந்த மூன்றும் பொருந்துவதாகத் தெரிந்தால் 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

போட்ட காசு வீணா என்ற கேள்விக்கு வருகிறேன். இதில் உறுதியானது: நீங்கள் வாங்கும் எதுவும் உங்கள் சொத்து ஆகாது, விளையாட அனுமதி மட்டும்தான். சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2004-இல் தொடங்கி எட்டு வருஷம் நன்றாக நடந்து 2012 நவம்பரில் மூடப்பட்டது. அதை மறக்காத ரசிகர்கள் சொந்தமாகச் சர்வர் நடத்தி, அவர்களில் ஒரு குழு 2024 ஜனவரியில் முறைப்படி உரிமமும் வாங்கியது. ஆனால் அப்படி எல்லாவற்றுக்கும் நடக்காது. நம் நாட்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்த 54 செயலிகளில் ஈவ் எக்கோஸ் என்ற மொபைல் எம்எம்ஓவும் ஒன்று. அதில் மாதக்கணக்கில் கப்பல் கட்டினவர்களுக்கு ஒரே நாளில் கதவு சாத்தியது. எந்த விளையாட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்பதில் என் கணிப்பு வெறும் கணிப்பே. பத்து வருஷம் தாண்டி நிற்பது இன்னும் சில வருஷம் நிற்கும் என்று நம்ப இடமிருக்கிறது, அவ்வளவுதான். ஆகையால் ஒரு வருஷச் சந்தாவைத் தள்ளுபடிக்காக மொத்தமாகக் கட்டாதீர்கள். நாலு மாதத்தில் நின்றுபோனாலும் வருத்தப்படாத தொகையை மட்டும் போடுங்கள்.

வீட்டில் "ஆன்லைன் கேமைத் தடை பண்ணிட்டாங்களே" என்று கேட்பார்கள், என் கடையில் பெற்றோர் தினமும் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடுப்பது பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் விளையாட்டுகளை. சந்தா அல்லது நுழைவுக் கட்டணம் வாங்கும் விளையாட்டு, அதில் பந்தயம் இல்லாதவரை, அந்தத் தடைக்குள் வராது. அப்பா அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள், மறைத்து விளையாடுவதைவிட நல்லது.

மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உங்கள் லேப்டாப் மாதம் 16 மணி நேரத்துக்கு ஒரு யூனிட்தான் எடுக்கும். 300 வாட் இழுக்கும் கேமிங் டெஸ்க்டாப்பில் தினம் ஆறு மணி நேரம் விளையாடுகிறவருக்கு மட்டும் கதை வேறு. இரண்டு மாதத்தில் 108 யூனிட்டை அது ஒன்றே தின்றுவிடும். மதுரை வெயில்தான் உங்களுக்குத் தொல்லை. சித்திரை, வைகாசியில் லேப்டாப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நீங்கள் பிங் என்று நினைத்துத் திட்டுவீர்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே தூசி எடுங்கள். ரௌட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யுபிஎஸ் வாங்கினால் கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரியில் ஆட்டத்தை முடித்துவிடலாம்.

பணம் கட்டும் விதத்தில் கவனம் வேண்டும். புதிய கார்டில் வெளிநாட்டுப் பரிமாற்றம் பொதுவாக மூடியே இருக்கும், வங்கிச் செயலியில் திறந்து, கட்டிய பிறகு மூடிவிடுங்கள். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் கட்டணத்துக்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வர வேண்டும். இதனால் வெளிநாட்டுச் சந்தாக்கள் பாதியில் தடைப்படுவது சகஜம். தானாகப் புதுப்பிப்பதை அணைத்துவிட்டு மாதாமாதம் கையால் கட்டுவதே நிம்மதி. விளையாட்டுத் தங்கத்தை மலிவாகத் தருகிறேன் என்று டெலிகிராமில் வருகிறவர்களிடம் போகாதீர்கள். ஒரு கல்லூரி மாணவர் 3,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பிவிட்டு என் கடைக்கு வந்தார். தங்கமும் வரவில்லை, இரண்டு வருஷக் கணக்கையும் விளையாட்டு நிறுவனம் முடக்கிவிட்டது. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம், ஆனால் முடங்கின கணக்கு திரும்புவது அரிது.

என் யோசனை இது. விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் மூவரும் தனித்தனியாக ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எதற்காக விளையாடுகிறீர்கள்? 1978-இல் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் எழுத்தாலேயே ஆன முதல் பல்லாளர் உலகத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், 1996-இல் விளையாடுகிறவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பேசிப் பழக வருபவர், மற்றவரை வீழ்த்த வருபவர். அது தன் காலத்து ஆட்களைப் பார்த்து அவர் சொன்னது, அளந்து நிரூபித்த விதியாக எடுக்கக் கூடாது. ஆனாலும் நண்பர்களுக்குள் பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. மூவரும் வீழ்த்துவதைச் சொன்னால் ஆல்பியனின் ஆசிய சர்வர். மூவருக்கும் பொறுமையும் பழைய லேப்டாப்பும் என்றால் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். பதில்கள் கலந்து வந்தால், பெரும்பாலும் அப்படித்தான் வரும், கில்டு வார்ஸ் 2-இன் இலவசப் பகுதியை ஐரோப்பிய சர்வரில் தொடங்குங்கள், விரிவாக்கம் எதையும் மூன்று மாதம் வாங்க வேண்டாம். படத்தரத்தைக் குறைத்து வைத்தால் உங்கள் லேப்டாப்பில் ஓடும் என்று நினைக்கிறேன், ஆனால் இதை நூறு சதவீதம் சொல்ல மாடலைப் பார்க்க வேண்டும். மூவரில் யாருடைய இயந்திரம் மோசமோ, யார் சீக்கிரம் தூங்க வேண்டுமோ, அவரை வைத்தே எல்லாவற்றையும் முடிவெடுங்கள். செவ்வாயும் சனியும் இரவு 9 முதல் 11 என்று வைத்தால் ஷார்ஜாவில் அப்போது ஏழரைதான், அவர் வேலை முடிந்து வந்திருப்பார்.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இங்கே எழுதுங்கள் தம்பி. உள்ளே இன்னொரு ரேம் போட இடம் இருக்கிறதா, பழைய ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்று பார்த்துச் சொல்கிறேன். எஸ்எஸ்டி இல்லையென்றால் முதல் மூன்று மாதத்தில் மிச்சமாகும் 1,500 ரூபாயை அதற்கு ஒதுக்கி வையுங்கள்.